ஊருக்கு ஒரு புத்தகம்: மேடை போடாமல் நடத்துவது எப்படி?

ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிக்கவைக்கலாம் என்று யாராவது ஆசையாக வந்து சொன்னால், அவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சீஃப் கெஸ்ட்டா யாரைக் கூப்பிடலாம்?" நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ், டி.டி.பி., பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்களையும் தெரியும், விழா முடிந்த மறுநாள் "அக்கா, பாக்கியை அடுத்த மாசம் தரேன்" என்று வருகிறவர்களையும் தெரியும். பந்தல், மைக் செட், பொன்னாடை, நினைவுப் பரிசு, ஃப்ளெக்ஸ் எல்லாம் போக மிச்சமிருக்கிற காசில் கொஞ்சம் பிரதி வாங்குவார்கள். அதிலும் பாதி மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே போய்விடும். ஏற்கெனவே வீட்டில் அலமாரி நிறைய வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு புத்தகம், அவ்வளவுதான்.

எங்கள் வாசகர் வட்டம் இதைக் கோடையில், மேடை இல்லாமல் நடத்துகிறது. உங்கள் ஊரிலும் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக, எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வழிகளை எழுதுகிறேன்.

இது நம் ஊரில் பிறந்த யோசனை இல்லை. 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் இருந்த நான்சி பேர்ல் என்ற நூலகர், 'சியாட்டில் முழுக்க ஒரே புத்தகத்தைப் படித்தால் எப்படி இருக்கும்?' என்று ஆரம்பித்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிய நாவல். யார் மேல் குற்றம், நஷ்டஈடு கேட்பதா வேண்டாமா என்று அந்த ஊரே பிளக்கிற கதை. எழுதியவரும் வந்து வாசகர்களோடு பேசினார். 2001இல் சிகாகோவும் பிடித்துக்கொண்டது. அப்புறம் பல நாட்டு நகரங்களுக்குப் பரவியது. 2002இல் நியூயார்க்கில் மட்டும், எந்தப் புத்தகம் என்று முடிவு செய்யும் குழுவே இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் இரண்டாகப் பிரிந்து, விஷயம் சண்டையில் போய் முடிந்தது. நியூயார்க்குக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வைப்பது

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். நூலகர்கள் தேசிய நூலக வாரத்தைச் சொல்வார்கள். அது நவம்பர் 14 முதல் 20 வரை. கடலூரில் நவம்பர் என்றால் மழை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியது, 2015இல் வெள்ளம் வந்தது. இங்கே அக்டோபர் முதல் பொங்கல் வரை யாரும் எதற்கும் உறுதியாக நாள் குறிக்க முடியாது. குறித்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் போய்க் கதை பேச முடியாது.

எங்களுக்கு ஏப்ரல்தான். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். 24 ஜெயகாந்தன் பிறந்த நாள்: 1934, மஞ்சக்குப்பம். 25 புதுமைப்பித்தன் பிறந்த நாள்: 1906, எங்கள் திருப்பாதிரிப்புலியூர். மூன்று நாளும் அடுத்தடுத்து! இந்த அதிர்ஷ்டம் இருந்தும் நாம் அந்த நாட்களில் செய்வது சிலைக்கு மாலை போடலாமா என்று பேசுவதுதான்.

இன்னொரு காரணம் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். நாட்டுப் படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் தேவனாம்பட்டினத்திலும் முதுநகர்ப் பக்கம் சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பிலும் ஆண்கள் ஊரில் இருக்கிற காலம் அது. பெரிய பரீட்சைகளும் முடிந்துவிடும். வெயில்தான் கொடுமை. அக்னி நட்சத்திரத்தில் எந்தச் சந்திப்பையும் மாலை ஐந்தரைக்கு முன்னால் வைக்காதீர்கள். கடல் காற்று வந்த பிறகு மனிதர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். தேர்தல் ஆண்டாக இருந்தால் மட்டும் நடத்தை விதிகளைக் காட்டி அரசுக் கட்டடம் தர மாட்டார்கள். அந்த வருடம் வீட்டுத் திண்ணையையும் கடை வாசலையும் நம்புங்கள்.

எந்தப் புத்தகம்

வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வைத்தால் ஆளாளுக்கு தன் கட்சி, தன் சாதி, தன் ஆசிரியர் என்று இழுப்பார்கள். ஏழு பேர் கொண்ட சின்னக் குழு போதும். ஏழு பேரும் தமிழாசிரியர்களாக இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு தையற்காரர், ஒரு செவிலியர், முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், மீனவர் ஊரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எல்லோரும் உண்டு. எந்தத் தெருவுக்குப் புத்தகம் போக வேண்டுமோ அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆள் குழுவில் இருக்க வேண்டும். இதைக் கணக்குக்காகச் சொல்லவில்லை. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய எழுத்தில் சாதிப் பேர்களும் வசைகளும் சாதாரணமாக வரும். மேல்சாதிக்காரர் கண்ணில் அது படாமலே போய்விடும். எங்கள் செவிலியர் ஒரு கதையை மூடி வைத்துவிட்டு, "இதை எங்க காலனியில என்னால படிச்சுக் காட்ட முடியாது" என்றார். நல்ல கதைதான், ஆனால் எடுத்துவிட்டோம். வேறு கதையா இல்லை?

தேர்ந்தெடுக்கிற முறை எளிது. பட்டியலில் மூன்று புத்தகம் வரட்டும். ஒவ்வொன்றின் முதல் பத்துப் பக்கத்தை, இலக்கியம் படிக்காத நாலு பேருக்கு சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சலூன், தையற்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எங்கே வேண்டுமானாலும் சரி. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேள்வி வருகிற புத்தகம்தான் உங்கள் புத்தகம். "நல்லா இருக்கு" என்று சொன்னால் அது தேறாது. மரியாதைக்குச் சொல்கிறார்கள்.

நூறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சியாட்டில்காரர்கள் செய்ததில் நான் எடுத்துக்கொண்டது ஒன்று: படித்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடும்படி கதையில் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்கிற நல்ல கருத்துள்ள புத்தகத்தைப் பற்றிப் பேச இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது.

அப்புறம் உரிமை. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார், 2008 முடிவோடு தீர்ந்தது. அவர் எழுத்துகள் அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆகிவிட்டன. அதனால் நாமே அச்சிடலாம், குரலில் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்பலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: இன்றைய பதிப்புகளில் இருக்கும் முன்னுரையும் அடிக்குறிப்பும் பதிப்பாசிரியரின் உழைப்பு. அவற்றை எடுக்கக் கூடாது, மூலக் கதையை மட்டும் எடுக்க வேண்டும். ஜெயகாந்தன் 2015இல்தான் மறைந்தார். அவர் புத்தகம் என்றால் பதிப்பகத்திடம் மொத்தமாக வாங்குவதுதான் வழி. புத்தகக் காட்சியில் எல்லோருக்கும் கொடுக்கும் 10 சதவீதக் கழிவோடு நிற்காதீர்கள். 300 பிரதி வேண்டும், முன்பணம் தருகிறோம் என்று கடிதம் எழுதிக் கேட்டால் நன்றாகவே இறங்கி வருவார்கள். யாரோ அனுப்பிய பி.டி.எஃப்.பை குழுவில் தட்டிவிடுவது மட்டும் வேண்டாம். ஊரே படிக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டே எழுதியவர் வீட்டுக் காசில் கை வைக்கிற வேலை அது.

அச்சு: என் தொழில், கொஞ்சம் அதிகம் பேசுவேன்

டெம்மி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிகிற பக்கங்கள். பக்கக் கணக்கை பாரத்தில் முடியுங்கள்: 80, 96 என்று. 99 பக்கம் வந்தால் ஏழாவது பாரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வெற்றுத்தாள் வாங்கிக்கொண்டு வருவீர்கள். கதையைக் குறைக்காமல் வரி இடைவெளியைத் தொட்டே மூன்று பக்கத்தை இழுத்துவிடலாம். டி.டி.பி. செய்பவரிடம் கேளுங்கள், செய்து தருவார்.

எழுத்தின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 13 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். படிக்க நேரம் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், அவர்களில் பாதிப் பேருடைய கண்ணாடி பழையது. தாள் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதும், பளபளப்புத் தாள் வேண்டாம், டியூப் லைட்டில் கண்ணைக் குத்தும். பைண்டிங்கில் வெறும் பசை ஒட்டுவது மலிவு. ஆனால் பல கை மாறப்போகிற புத்தகம் இது. மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தால் பசை இளகி, பாரம் பாரமாகக் கையோடு வரும். நூல் தையல் போடச் சொல்லுங்கள், செலவு கொஞ்சம்தான் கூடும். மெய்ப்பை இரண்டு பேர் பார்க்கட்டும். ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஒற்றெழுத்து விட்டதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பின் அட்டையில் வாழ்த்துரை, நன்கொடையாளர் படம், எதுவும் வேண்டாம். கேட்பார்கள். "உள்ளே கடைசிப் பக்கத்தில் பெயர் வரும், எல்லோர் பெயரும் ஒரே அளவில்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு ஒருவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். போகட்டும்.

கைமாற்றுவது

2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரத்தின் மக்கள்தொகை 1.73 லட்சத்துக்கு மேல். 45 வார்டு. 500 பிரதி அடித்தால் வார்டுக்கு 11 பிரதிதான் வரும். ஆனால் ஒரு பிரதி ஒருவரிடம் 10 நாள் இருந்து நகர்ந்தால், தடைக்காலம் முடிவதற்குள் ஐந்து பேர் படித்துவிடலாம். அப்படியென்றால் 2,500 பேர். ஊரில் நூறில் இரண்டு பேர் கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 'ஊரே படித்தது' என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கிற ஆசையும் விட்டுப்போகும்.

உள் அட்டையில் பெரிய சீட்டு ஒன்று ஒட்டுகிறோம். பிரதி எண், 'படித்ததும் அடுத்தவரிடம் கொடுங்கள்' என்ற வரி, கீழே கட்டங்கள். கட்டத்தில் தெருவும் தேதியும் மட்டும் எழுதினால் போதும். பெயரும் போன் நம்பரும் கேட்டால் பெண்கள் எழுத மாட்டார்கள், எழுதவும் வேண்டாம். சீட்டு நிரம்பி வருகிற பிரதிகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்: மஞ்சக்குப்பம், வண்டிப்பாளையம், புதுப்பாளையம், திரும்பவும் வண்டிப்பாளையம். மஞ்சள் கறை, காபி வட்டம், ஒன்றில் ஒரு குழந்தை வரைந்த மீன்.

எங்கே வைப்பது? கிளை நூலகங்களில் வையுங்கள், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை, நினைவிருக்கட்டும். ஆனால் நூலகத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் முக்கால்வாசி டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் பிள்ளைகள். புதுமைப்பித்தன் அவர்களுக்கு ஒரு மார்க்: இயற்பெயர் விருத்தாசலம், பட்டம் சிறுகதை மன்னன். முடிந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலை கிடைக்க வேண்டும். "பத்து நிமிஷக் கதை, டீ குடிக்கப் போற நேரத்துல படி" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். பேச வந்தால் மற்றவர்களைவிடக் கூர்மையாகவும் பேசுகிறார்கள்.

நூலகத்தைவிட வேகமாகப் புத்தகம் நகர்வது சலூன், தையற்கடை, டயாலிசிஸ் வார்டின் காத்திருப்பு வரிசை, ரேஷன் கடைக்கு எதிர்த்த பெட்டிக்கடை. எங்கெல்லாம் மனிதர்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கெல்லாம். கேப்பர் மலை மத்திய சிறையும் அப்படித்தான். 1918 நவம்பரில், புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிடித்து அடைத்தது கடலூர்ச் சிறையில்தான். சிறைக் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே போன பிரதிகளைத் திரும்பக் கேட்காதீர்கள்.

வலைக்கூடத்தில்

படிக்கத் தெரியாதவர்களையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களையும் விட்டுவிட்டால் அது ஊர் நிகழ்ச்சி ஆகாது. தடைக்காலத்தில் மீனவர் ஊர்களில் வலை பின்னும் கூடத்தில் ஆண்கள் காலை முழுக்க உட்கார்ந்து பழுது பார்க்கிறார்கள். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். எங்கள் குழுவின் கல்லூரிப் பெண் அங்கே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறாள். மைக் கிடையாது. நடுவில் யாராவது "நூல்கண்டு எங்கடா?" என்று கத்துவார்கள், நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவாள்.

ஒரு நாள் அவள் வாசித்தது, கடன் வாங்கியவன் ஒருவன் கொடுத்தவனைக் கண்டாலே தெரு மாறிப் போகிற கட்டம். பெரியவர் ஒருவர் வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணியை இழுத்து முடிந்தார். முடிந்த பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, அவன் வச்சிக்கிட்டே இல்லன்னு சொல்றானா, நெசமாவே இல்லையா?"

"அது சொல்லல தாத்தா."

"சொல்லாம எப்படி? ஒனக்கு என்ன தோணுது?"

"இருக்குன்னுதான் தோணுது."

எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், "இருந்தா ஏன் பொண்டாட்டி மூக்குத்திய வைக்கிறான்? நீ சரியா கேக்கல" என்றார். அப்புறம் வாசிப்பு தொடரவில்லை. ஏலக்காரரிடம் வாங்கின முன்பணம், டீசல் கடன், யார் யாருக்கு எவ்வளவு என்று சாப்பாட்டு நேரம் வரை ஓடியது. கதை நின்றுவிட்டதே என்று அவள் வருத்தப்பட்டாள். "கதைதான் ஓடுச்சு, விடு" என்றேன்.

வாசிக்கிறவர் அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவராக இருக்கட்டும். நாடகம் போல ஏற்றி இறக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், ஆளைப் பிடித்து உட்கார வைக்கக் கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுக்களில் தனிக் கூட்டம் கேட்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே கூட்டம் அதிகம். தவணைக் கணக்கு எழுதி முடிக்கிற வரை மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தை மட்டும் கேளுங்கள். குரல்பதிவும் உண்டு, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். சமையல்கட்டில் கேட்கிறவர்கள்தான் அதற்கு அதிகம்.

உட்கார்ந்து பேசுவது

ஒரு சந்திப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வட்டமாக உட்கார வேண்டும். கூட்டத்தின் பொறுப்பாளர் பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். பேராசிரியர்கள், கவிஞர்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் கடைசியில் பேசட்டும். முதலில் அவர்கள் பேசிவிட்டால் அதற்கப்புறம் வாய் திறக்க யாருக்கும் தைரியம் வராது.

'ஆசிரியர் சொல்ல வந்தது என்ன?' என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி, எல்லோரும் குனிந்துகொள்வார்கள். 'இந்த ஆள் உங்கள் தெருவில் இருந்தால் கடன் கொடுப்பீர்களா?', 'இந்த அம்மா இடத்தில் உங்கள் அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?', 'எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்?' என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பாதியில் விட்டவர்களும் வர வேண்டும், அவர்களுக்கும் டீ உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடம் இருந்தால்தான் மற்றவர்கள் பிடித்தது என்று சொல்வதை நம்ப முடியும்.

45 நிமிடம். நன்றியுரை கிடையாது.

பணமும் கணக்கும்

பெரிய நன்கொடையாளர் ஒருவரைத் தேடாதீர்கள். பெரிய பணம் கொடுப்பவர் மேடையும் கேட்பார். 'பத்துப் பிரதியின் செலவு' என்று ஒரு தொகையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, கடை கடையாக அந்த ஒரே தொகையைக் கேளுங்கள். லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்கள் விழாவுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள், பத்துப் புத்தகத்துக்குத் தயங்குவதில்லை. ரசீதை அங்கேயே கிழித்துக் கொடுங்கள். டீச் செலவை யார் வீட்டுத் திண்ணையோ அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்காமலே பஜ்ஜியும் வரும்.

ஜூன் நடுவில் பிரதிகளைத் திரும்பச் சேருங்கள். பாதி வந்தால் நல்ல வசூல். வராதவற்றைத் தேடி யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். வந்தவற்றில் தையல் விட்டதை எங்களைப் போன்ற பைண்டிங் கடையில் சரி செய்து, அடுத்த கோடைக்கு எடுத்து வையுங்கள் அல்லது சுற்றியுள்ள ஊர்ப்புற நூலகங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். அட்டைச் சீட்டை மட்டும் கிழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் எந்தத் தெருவில் எத்தனை பிரதி வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

வரவு செலவை ஒரே தாளில் எழுதி, பணம் கொடுத்த கடைகளிலும் நூலகப் பலகையிலும் ஒட்டுங்கள். அச்சு எவ்வளவு, தையல் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது என்பது வரை எழுத வேண்டும். என் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருப்பதை நின்று படித்துவிட்டுப் பண்ருட்டியிலிருந்து ஒருவர் உள்ளே வந்து, "96 பக்கத்துக்கு இந்த ரேட்டா? எங்க பிரஸ்ல இதைவிடக் கம்மி" என்றார். பிரஸ் பெயரை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.